பெரிசா ஒண்டும் நடக்கேல்லை, ஆனா ஏலாமல் கிடக்கு

பரந்தன்காரி | திங்கள், இரவு 10.40

இதை எழுதுவமா விடுவமா எண்டு மூண்டு நாளா இழுபட்டு, பிள்ளையள் படுத்தாப் பிறகு எழுதுறன். பிழையான பகுதியில போட்டிருந்தா நிர்வாகம் மாத்தி விடுங்கோ.

எனக்கு 36 வயசு. கிளிநொச்சியில ஒரு அரச அலுவலகத்தில வேலை. மனிசன் மேசன், குடி கிடி இல்லை. ரெண்டு பிள்ளையள், மூத்தவளுக்கு இந்த வருசம் அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப் சோதினை. வீட்டுத்திட்டத்தில கிடைச்ச கல்வீடு இருக்கு. ஆரும் வெளியில நிண்டு பாத்தா குறை சொல்ல ஒண்டும் இல்லை.

ஆனா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூண்டு மணியாச்செண்டா வயிறு பிசையத் தொடங்குது. பிள்ளையளின்ர வெள்ளைச் சட்டையை அயன் பண்ணுற மணம் வந்தாலே திங்கக்கிழமை வந்து முன்னால நிக்கிற மாதிரி. போன் அடிச்சா நெஞ்சு திக்கெண்டுது. ஆர் எண்டு பாக்க முதலே கவிழ்த்து வைச்சிடுவன். பாங்கில இருந்து வாற கடிதங்களை உடைக்கிறேல்லை, அரிசி வாளிக்குப் பின்னால சொருகுறன். இண்டைக்கு எண்ணினன், 7 கிடக்கு. எல்லாம் காசு கேட்டு வந்ததும் இல்லை, அது எனக்கே தெரியும். உடைச்சா முடிஞ்சுது. கை போகுதில்லை.

வேலையால வந்து கால் கழுவக் கிணத்தடிக்குப் போனா, வாளியில அள்ளின தண்ணியை முன்னால வைச்சபடி கிணத்துக் கட்டில குந்தியிருக்கிறன். அரை மணித்தியாலமும் போகும். போன கிழமை சின்னவன் வந்து “அம்மா, தண்ணி ஆறப்போகுது” எண்டான். கிணத்துத் தண்ணி எங்க ஆறுறது! சிரிக்க வேண்டிய நான் அழுதுபோட்டன்.

ஏன் ஆருக்கும் சொல்லேல்லை எண்டா, எங்கட முன்வீட்டு அம்மாவுக்கு 2009 கடைசிச் சண்டையில ரெண்டு பிள்ளையள் இல்லாமல் போச்சு. அதில ஒருத்தர் எங்க எண்டு இண்டைக்கும் தெரியாது. அந்த மனிசி விடிய எழும்பி வாசல் கூட்டி, ஆட்டுக்குக் குழை வெட்டி, எனக்கும் ஒரு பிடி முருங்கையிலை தந்துவிடுறா. அவவுக்கு முன்னால போய் நிண்டு “அம்மா, எனக்கு ஞாயிற்றுக்கிழமையில வயிறு பிசையுது” எண்டோ சொல்லுறது?

இது வருத்தமோ, கொழுப்போ? ஆருக்கும் இப்பிடி இருக்கோ?

ஒட்டுசுட்டான்_ஓட்டோ | திங்கள், இரவு 10.58

அக்கா, உங்களுக்கு அரிசி வாளி, எனக்கு சாமிப்படம். லீசிங் கடிதம் எல்லாம் முருகனுக்குப் பின்னாலதான். மனிசன் இப்ப சுவரில இருந்து ரெண்டு விரல் முன்னுக்கு வந்து நிக்கிறார்.

குளத்தடியான் | திங்கள், இரவு 11.25

தங்கச்சி, நான் இரணைமடுப் பக்கம் வயல் செய்யிறன். எனக்கு வயிறு இல்லை, நித்திரை. இரவு ரெண்டரைக்குக் கண் தானா முழிக்கும். மணிக்கூடு பாக்கத் தேவையில்லை. முழிச்ச உடன கணக்குத்தான். 2021 இல அரசாங்கம் உரத்தை நிப்பாட்டின போகத்தில விளைச்சல் விழுந்து ஈடு வைச்ச நகை, அடுத்த வருசம் டீசலுக்கு நாள்க்கணக்கா வரிசையில நிண்டது, இந்தமுறை சிறுபோகத்துக்கு எத்தினை ஏக்கருக்குத் தண்ணி விடுவினம்... விடிய அஞ்சு மணிவரைக்கும் அதே கணக்கைத் திருப்பித் திருப்பிப் போடுவன். ஒரு நாளும் விடை மாறினதில்லை.

விசர்க்கதை ஒண்டு சொல்லட்டே? பண்டிக் காவலுக்குப் பரணில ஏறினா அடிச்சுப்போட்ட மாதிரி நித்திரை வருது. முழிச்சிருக்கவெண்டு போற இடத்தில நித்திரை, படுக்கவெண்டு போட்ட மெத்தையில முழிப்பு. மனிசி சொல்லுறா “இனி மெத்தையைப் பரணில ஏத்துங்கோ” எண்டு.

டொக்டரிட்டப் போனா பிரசர் பாத்தார், சீனி பாத்தார், ஈசிஜியும் எடுத்தார். ஒண்டும் இல்லையாம். “யோசிக்காதேங்கோ” எண்டார். யோசிக்காமல் இருக்கத் தெரிஞ்சா நான் ஏன் ஐயா அங்க போறன்?

பழையவன்67 | செவ்வாய், காலை 6.10

கோவிக்காதேங்கோ. பங்கருக்குள்ள பிள்ளை பெத்த சனம் நாங்கள். மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு உடுத்த உடுப்போட ஓடி, செட்டிகுளம் முகாமில மூண்டு லட்சம் சனத்தோட கம்பிக்குள்ள கிடந்து, திரும்பி வந்து பத்தை வெட்டிக் கொட்டில் போட்டனாங்கள். அப்ப ஆரும் மனநலம் எண்டு கதைக்கேல்லை. இப்ப கல்வீட்டில இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வருத்தமோ? வேலை இல்லாதவனைக் கேளுங்கோ திங்கக்கிழமையின்ர அருமையை.

இன்னொண்டு. உந்தப் பிள்ளைக்கும் ஓட்டோத் தம்பிக்கும் இருக்கிறது கடன். கடனுக்குக் குளிசை இல்லை.

முள்ளியவளைப்_பெடி | செவ்வாய், காலை 7.02

ஐயா, அப்ப ஆரும் கதைக்கேல்லை எண்டுறியள். கதைக்காதது நல்லமாய் இருந்ததாலயோ?

எங்கட அப்பா முகாமால வந்த நாளில இருந்து இரவில கதவுக்குக் கிட்டத்தான் படுக்கிறார். ஆரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பதினைஞ்சு வருசமா வீட்டில எல்லாரும் அவரைத் தாண்டித்தான் வெளிக்குப் போறம்.

எனக்கு வேற கதை. ஏஎல் சோதினை ரெண்டாம் தரம் எடுக்கப்போறன். கொப்பியை விரிச்சா எழுத்து ஓடுது, மண்டைக்குள்ள ஏறுதில்லை. உடன போனைக் கையில எடுப்பன். எடுத்தா மூண்டு மணி. விடிய அம்மா தேத்தண்ணியோட வந்து எழுப்பேக்க எனக்கு என்னைப் பாக்கவே அருவருப்பா இருக்கும். அம்மா குவைத்தில ஏழு வருசம் நிண்டு உழைச்சவ. அவவிட்ட “படிக்க ஏலாமக் கிடக்கு” எண்டு சொல்ல எனக்கு வாய் இல்லை. பரந்தன் அக்கா சொன்ன அதே வெக்கம்தான்.

வெள்ளைச்சீருடை | செவ்வாய், பகல் 1.15

வவுனியாப் பக்கம் ஒரு வைத்தியசாலையில தாதியா இருக்கிறன், மனநலப் பிரிவிலயும் கொஞ்சக்காலம் நிண்டனான். டொக்டர் இல்லை, இதை வைச்சு ஆரும் வருத்தத்துக்குப் பேர் வைக்க வேண்டாம். தெரிஞ்சதைச் சொல்லுறன்.

எங்கட சனம் “மனச்சோர்வு” எண்டு சொல்லிக்கொண்டு வாறேல்லை. “தலை விறைக்குது”, “உடம்பெல்லாம் எரியுது”, “நெஞ்சுக்குள்ள என்னவோ ஏறி அடைக்குது”, “யோசினை கூட” எண்டுதான் வருவினம். அதனால பத்து இடத்தில ரத்தம் சோதிச்சு, மூண்டு தரம் ஈசிஜி எடுத்து, ஒண்டும் இல்லையெண்ட துண்டுகளை ஒரு சொப்பிங் பையில கட்டிக்கொண்டு கடைசியாத்தான் எங்களிட்ட வருவினம். குளத்தடி அண்ணை, நெஞ்சைச் சோதிச்சது நல்லது, அது முதல் செய்ய வேண்டியதுதான். ஆனா ஈசிஜியில ஒண்டும் இல்லை எண்டா உங்களுக்கு ஒண்டும் இல்லை எண்டு அர்த்தம் இல்லை. மனப்பதட்டமும் நித்திரையின்மையும் ஈசிஜியில விழாது.

பரந்தன் தங்கச்சி, உங்கட போனும் கடிதமும். உடம்புக்கு ஆபத்து எண்டு பட்டா நெஞ்சு வேகமா அடிக்கும், மூச்சு ஏறும், வயித்துக்குப் போற ரத்தம் குறையும். சண்டை நேரம் செல் (எறிகணை) வந்து விழேக்கை அதுதான் உங்களை ஓட வைச்சுக் காப்பாத்தினது. இப்ப செல் இல்லை, ஆனா உடம்பு போன் சத்தத்துக்கும் அதே மணியை அடிக்குது. நீங்கள் கவிழ்த்து வைச்ச உடன மணி நிக்கும், ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் பிழை நடக்கிற இடம். “கவிழ்த்தாத் தப்பலாம்” எண்டு உடம்பு படிச்சுக்கொள்ளும். அடுத்த கடிதம் இன்னும் பாரமாகும். 7 கடிதம் அப்பிடிச் சேர்ந்ததுதான்.

சிலருக்கு இது ஒரேயடியா ஏறும். மூச்சு முட்டும், கை விரல் விறைக்கும், சாகப்போறன் எண்டு நினைப்பினம். வழமையா பத்து நிமிசத்துக்குள்ள உச்சிக்குப் போய் இறங்கும். விரல் விறைக்கிறது ஏனெண்டா, வேகமா மூச்சு விட்டு ரத்தத்தில கரியமிலவாயு குறையிறதால. அந்த நேரம் “நல்லா மூச்சை இழு” எண்டு பக்கத்தில நிண்டு கத்தாதேங்கோ. இழுக்கிறதைவிட மெதுவா, நீளமா வெளிய விடுறதுதான் தேவை. முதல் தரம் வந்தா கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, நெஞ்சு வருத்தம் இல்லையெண்டு அவையள்தான் சொல்ல வேணும்.

முள்ளியவளைத் தம்பி, இரவு எத்தினை மணிக்குக் கடைசித் தேத்தண்ணி?

முள்ளியவளைப்_பெடி | செவ்வாய், பகல் 1.31

பதினொண்டு, பதினொண்டரை. சாயம் கூடப் போட்டு, வெறும் தேத்தண்ணி. படிக்கத்தானே.

வெள்ளைச்சீருடை | செவ்வாய், பகல் 1.40

தேயிலையில இருக்கிற கஃபீன் பாதியாக் குறையவே கிட்டத்தட்ட அஞ்சு மணித்தியாலம் எடுக்கும். மூண்டு மணிக்கு உங்களை எழுப்பி வைச்சிருக்கிறதில போனோட சேர்ந்து அந்தக் கோப்பைக்கும் பங்கிருக்கு. பின்னேரம் நாலு மணியோட நிப்பாட்டி ஒரு கிழமை பாருங்கோ.

ஒட்டுசுட்டான்_ஓட்டோ | செவ்வாய், பகல் 2.05

நாலு மணியோட தேத்தண்ணியை நிப்பாட்டினா எங்கட ஸ்ராண்டில ஒருத்தரும் உயிரோட இருக்கமாட்டம் தங்கச்சி.

பழையவன்67 | செவ்வாய், மாலை 5.20

தம்பி கேட்ட கேள்விக்கு என்னட்ட மறுமொழி இல்லை. விடுவம். ஆனா நான் சொன்னதில ஒண்டை ஒருத்தரும் தொடேல்லை. வீட்டுத்திட்டத்துக்கு இந்தியா தந்தது அஞ்சரை லட்சம். கல்லும் மண்ணும் சீமெந்தும் விலையேற அந்தக் காசில வீடு முடியேல்லை. மிச்சத்துக்குக் கடன், அந்தக் கடனை அடைக்க நுண்கடன், கிழமைக்குக் கிழமை படலையில வந்து நிண்டு பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கள். அவங்களை நிப்பாட்டாமல் சனத்துக்கு மூச்சு விடப் படிப்பிக்கிறியள். நோகிறது ஒரு இடம், மருந்து பூசுறது வேற இடம்.

வெள்ளைச்சீருடை | செவ்வாய், மாலை 6.45

ஐயா, இதில உங்களோட நான் சண்டைக்கு வரமாட்டன். படலையில நிக்கிறவனை மூச்சுப்பயிற்சி அனுப்பாது. வறுமையை வருத்தம் எண்டு பேர்மாத்தி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிடுறது எனக்கும் பிடிக்காது. ஆனா கடிதத்தை உடைச்சாத்தானே தவணையைப் பிரிச்சுக் கட்டக் கேக்கலாம்? அந்தக் கை எழும்பாததுதான் இங்க வருத்தம். கடன் மனத்தை விழுத்தும், விழுந்த மனம் கடனை ஏத்தும். எந்தப் பக்கத்தால பிடிச்சுத் தூக்கினாலும் எனக்குச் சரி.

இன்னொண்டு, யாழ்ப்பாணத்தில கனகாலம் மனநல வைத்தியரா இருந்த தயா சோமசுந்தரம் ஐயா வன்னிச் சனத்தைப் பற்றித் தனியவே எழுதினவர். போர் ஒவ்வொரு ஆளையும் மட்டும் இல்லை, குடும்பம், ஊர், ஆளை ஆள் நம்புறது எல்லாத்தையும் சேத்து உடைக்குது எண்டது அவற்ர கதை. முந்தி ஒருத்தருக்குக் கஷ்டமெண்டா பக்கத்து வளவில போய்க் குந்திக் கதைக்கலாம். இப்ப அந்த வளவிலயும் ஒரு சாவு இருக்கு. அதால ஆளாள் வாயை மூடிக்கொண்டு இருக்கிறம்.

வட்டுவாகல்_காத்து | செவ்வாய், இரவு 9.30

நான் மகள். அம்மாவுக்கு இதெல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன். அவ சொல்லச் சொல்ல எழுதுறன், பிழை இருந்தா என்ர பிழை.

“பரந்தன் பிள்ளைக்கு. நான் உன்ர முன்வீட்டு மனிசி இல்லை, ஆனா அவ மாதிரி ஒருத்திதான். என்ர மூத்தவனைத் தேடித்தேடி 2017 மாசியில கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில காணாமல் போனவைக்காகப் போராட்டப் பந்தல் போட்ட நாளிலயும் போய் இருந்தனான். அங்க எங்களோட இருந்த எத்தினையோ தாய்மார் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிப்போட்டினம்.

பிள்ளை, பிள்ளையைத் தேடுற எனக்கும் பல்லுக் கொதிச்சா பல்லுத்தான் நோகும். பல்லுக்குத்து வந்த அண்டைக்கு நான் மகனை நினைச்சு அழேல்லை, பல்லுக்குத்தான் அழுதன். அது மகனுக்குச் செய்த துரோகம் எண்டு கொஞ்சநாள் நினைச்சும் இருந்தன்.

எங்களை எல்லாரும் ஒரு படம் மாதிரி வைச்சிருக்கினம். நான் வந்தா கதையை நிப்பாட்டுவினம். கலியாணக் கதை, நகைக் கதை, மனிசனோட பிடிச்ச சண்டை எல்லாம் டக்கெண்டு நிக்கும். உடன “அம்மா, ஏதும் தகவல் வந்ததே?” எண்டு கேப்பினம். எனக்கும் ஊர்க்கதை கேக்க விருப்பம் பிள்ளை. நீ போய் அவவிட்ட உன்ர வயித்துக்குத்தைச் சொல்லு. வேண்டாம் எண்டா அவ சொல்லுவா. என்ர துக்கத்தைக் காட்டி உன்ர வாயை மூடாத. நான் அதைக் கேக்கேல்லை.”

எழுதி முடிச்சுப்போட்டு வாசிச்சுக் காட்டினன். “பல்லுக் கதையை எடு, சனம் சிரிக்கும்” எண்டா. எடுக்கேல்லை.

குளத்தடியான் | செவ்வாய், இரவு 9.52

சிரிக்கேல்லை அம்மா.

மல்லாவிக்காரன் | புதன், காலை 8.15

எல்லாம் சரி. கிளினிக்குக்குப் போங்கோ போங்கோ எண்டு சொல்லப்போறியள், அதுக்கு முதல் இதையும் கேளுங்கோ. போன வருசம் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனன், எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லேல்லை. ஓபிடி வாசலில நிண்டு ஒருத்தர் “மனநலம் எல்லாம் இந்த வாங்கில வந்து இருங்கோ” எண்டு சத்தமாக் கூப்பிட்டார். அந்த வரிசையில எங்கட ஊர் ஆக்கள் ஆறுபேர். தங்கச்சிக்குக் கலியாணம் பேசின நேரம். அவள் எழும்பி நேரா பஸ்ராண்டுக்கு நடந்திட்டாள். பிறகு வரவே மாட்டன் எண்டுபோட்டாள். உள்ள இருந்த டொக்டர் நல்ல மனிசனாம், பலரும் சொல்லுகினம். அந்த வாங்கைத் தாண்டினாத்தானே அவரைக் காணலாம்.

குளிசையும் பயமாக் கிடக்கு. ஒருக்கா எடுத்தா ஆயுளுக்கும் விட ஏலாதாம், ஆள் மந்தமாகிப்போமாம்.

வெள்ளைச்சீருடை | புதன், காலை 10.30

வாங்கு விசயத்தில நான் சமாளிக்க வரேல்லை. அது பிழை. வெக்கக்கேடு. எங்கட இடத்தில இலக்கத்தால கூப்பிட வைக்கவே ரெண்டு கூட்டத்தில கத்த வேண்டியிருந்தது.

குளிசை பற்றி: எல்லாருக்கும் குளிசை இல்லை. முதல் கதைப்பினம். ரெண்டு கிழமைக்கு மேல ஒவ்வொரு நாளும் மனம் விழுந்து, ஒண்டிலயும் விருப்பம் இல்லாமல், சாப்பாடு, நித்திரை, வேலை எல்லாம் குழம்பினா அது அலட்சியப்படுத்திற விசயம் இல்லை. அப்ப மருந்து தந்தாலும், மனச்சோர்வுக்குத் தாறது அடிமைப்படுத்திற சாமான் இல்லை. ரெண்டு, மூண்டு, நாலு கிழமை போகத்தான் வேலை செய்யும். எங்கட ஆக்கள் நாலாம் நாளே “இது சரிவராது” எண்டு தூக்கிப் போட்டிடுவினம், இல்லாட்டி கொஞ்சம் சுகமான உடன ஒரேயடியா நிப்பாட்டித் தலைசுத்தி விழுவினம். குறைக்கிறதெண்டா டொக்டரோட கதைச்சுக் குறைக்க வேணும். நித்திரைக் குளிசை வேற. அதுதான் நீட்டி எடுத்தாப் பழகிப்போறது. மருந்துக்கடையில சொந்தமாக் கேட்டு வாங்காதேங்கோ, குளத்தடி அண்ணை, உங்களுக்குத்தான்.

புதூர்_நாகம்மா | புதன், காலை 11.20

ஒருத்தரும் கோயிலைச் சொல்லேல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பாற்செம்பு எடுத்த வருசம்தான் எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கினது. ஆர் என்ன சொன்னாலும் நான் நம்புறன்.

வெள்ளைச்சீருடை | புதன், பகல் 12.05

அக்கா, நானும் வருசா வருசம் போறனான். அங்க சனத்தோட சனமா நடந்து, வாய்விட்டு அழுது, ஒருத்தரும் ஏன் எண்டு கேக்காத இடம் எங்களுக்கு வேற எங்க இருக்கு? எனக்குக் கோவம் வாறது கிளினிக் கொப்பியைக் கிழிச்சுப்போட்டு கழிப்புக் கழிக்க முப்பதினாயிரம் கேக்கிற ஆக்களில மட்டும்தான்.

நிர்வாகம் | புதன், பகல் 12.40

இழையை வாசிக்கிற ஆருக்கும் “இருந்து என்ன பிரயோசனம்” எண்ட அளவுக்கு யோசினை போனா, இங்க எழுதி மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டாம். 1926 க்கு எடுங்கோ, தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலயும் எடுக்கலாம். வீட்டில ஒருத்தரை எழுப்புங்கோ. எழுப்பினா ஏசினாலும் பரவாயில்லை.

பரந்தன்காரி | வியாழன், இரவு 8.50

எல்லாத்தையும் வாசிச்சன். வேலையில இருந்தும் மேசைக்குக் கீழ போனை வைச்சு வாசிச்சன் (அதுக்கு மட்டும் கை போகுது).

நேற்றுப் பின்னேரம் முன்வீட்டு அம்மாவிட்டப் போனன். என்னத்தைத் தொடங்கிறதெண்டு தெரியாமல் அவ குழை வெட்ட நான் கட்டிக் குடுத்துக்கொண்டு நிண்டன். பிறகு கடிதக் கதையைச் சொன்னன். மனிசி கத்தியை வைச்சுப்போட்டு “எத்தினை?” எண்டா. “ஏழு” எண்டன். “கொண்டா” எண்டா. அவவுக்கு எழுத்து வாசிக்க மட்டுமட்டு. அதால அவ உடைச்சு உடைச்சுத் தர நான்தான் வாசிக்க வேண்டியதாப் போச்சு. ரெண்டு, கணக்கு மிச்சம் காட்டிற கடிதம். ஒண்டு, புது ஏரிஎம் காட். ஒண்டு, எங்கட கடிதமே இல்லை, பக்கத்து ஒழுங்கைக்காரருக்கு வந்தது, நாலு மாசமா என்னட்டக் கிடக்கு, நாளைக்குக் குடுக்க வேணும், என்னெண்டு சொல்லிக் குடுக்கிறதோ தெரியாது. மூண்டுதான் கடன் கடிதம். அதில கடைசியில தவணையை மாத்திக் கேக்கலாம், வந்து கதையுங்கோ எண்டு இருந்தது. நாள் போன மாசத்தோட முடிஞ்சிட்டுது.

அதைப் பாத்ததும் திரும்ப வயிறு பிசைஞ்சது. பொய் சொல்லேல்லை, இரவு நித்திரையும் இல்லை. ஆனா பிசையேக்க பக்கத்தில ஒரு ஆள் இருந்தா. பிறகு தன்ர முழங்கால் வருத்தத்தைத் தொடங்கினா, ஒரு மணித்தியாலம் சொன்னா. பதினொரு வருசம் முன்வீட்டில இருக்கிறன், அவவுக்கு முழங்கால் நோகிறது எனக்குத் தெரியாது.

பாங்குக்கு நாளைக்கு மனிசன் வாறனெண்டு சொல்லியிருக்கிறார். கிளினிக்குக்குச் செவ்வாய்க்கிழமை போவம் எண்டு நினைக்கிறன். தனியப் போக ஒருமாதிரிக் கிடக்கு. அந்த வாங்குக் கதையை வாசிச்சாப் பிறகு கூடவா இருக்கு.

மல்லாவிக்காரன் | வியாழன், இரவு 9.14

அக்கா, நான் தங்கச்சிக்கு உங்கட எழுத்தைக் காட்டினன். “செவ்வாய்க்கிழமை எத்தினை மணி” எண்டு மட்டும் கேட்டாள்.

வெள்ளைச்சீருடை | வியாழன், இரவு 9.30

ஏழரைக்கு முதல் துண்டெடுக்க வேணும், பிந்தினா சனம் கூடிப்போம். அடையாள அட்டையும் பழைய சோதனைத் துண்டுகளும் கொண்டு போங்கோ. போத்தில் தண்ணியும் ரெண்டு ரொட்டியும் கட்டிக்கொண்டு போங்கோ, பன்னிரண்டு மணிவரை இருக்க வேண்டி வரும். மல்லாவித் தம்பி, தங்கச்சியைப் பரந்தன் சந்தியில இறக்கிவிடுங்கோ, ரெண்டுபேரும் ஒண்டாப் போகட்டும். அந்த வாங்கில ரெண்டுபேருக்கு இடம் இருக்கும்.